ஐந்து நாட்டு உத்தேசச் செலவு

ஊருக்குப் போகும் செலவுக்கு எனக்குப் பன்னிரண்டு கிலோ ஒதுக்கினார்கள்.

நான் வேலை பார்த்த கிடங்கில் ஏழு வருடம் முடித்தவர்களுக்கு நாற்பது நாள் விடுப்பு உண்டு. ஐந்து நாடுகள் வழியாக நடந்து போக வேண்டும். ஒரு முதுகுப் பை கொடுப்பார்கள். பையில் எடை இருக்கும். அதைச் செலவழித்துக்கொண்டே போக வேண்டும். விமானத்தில் போகலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருக்கிறார். அவரை இப்போது விமானம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உத்தேசச் செலவை நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இருநூறு கிராம். படுக்கைக்கு நூறு, சாப்பாட்டுக்கு நூறு. ஒரு நாட்டுக்கு எட்டு நாள். ஐந்து நாட்டுக்கு நாற்பது நாள், எட்டு கிலோ. அவசரத்துக்கு ஒரு கிலோ. மிச்சம் மூன்று கிலோ இசக்கிக்கு. இசக்கி என் மனைவி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஏழு வருடமாக அவள் எனக்குக் குரல்தான்.

மேலாளர் காகிதத்தைப் படித்தார். பிறகு என்னையும் தராசில் ஏறச் சொன்னார். அறுபத்தொரு கிலோ. அதைக் காகிதத்தின் அடியில் எழுதிக்கொண்டார்.

"இது எதுக்கு சார்?"

"பை தீர்ந்தா இதுல எடுப்பாங்க. முப்பதுக்குக் கீழ போகாம பாத்துக்கோ தவசி."

"போனா?"

"முப்பதும் அதுக்கு மேலயும் பயணி. முப்பதுக்குக் கீழ சாமான்."

வெளியே வந்து பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே எடை மட்டும் இருந்தது. மூடிக்கொண்டு நடந்தேன்.

முதல் நாடு ஒரு தாழ்வாரம். அகலம் ஆறடி. இரண்டு பக்கமும் கதவுகள். நீளம் எட்டு நாள் என்று நுழைவில் பலகை இருந்தது. அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தால் எண்ணிய அளவுக்கு அது நீண்டுவிடும். எனக்குப் பெட்டி எண்ணிய பழக்கம். முதல் நாளே நானூறு அடி கூடிப்போயிற்று. அதன் பிறகு எண்ணாமல் இருக்க வாய்க்குள் எதையாவது போட்டு மென்றுகொண்டே நடந்தேன்.

எனக்குக் கட்டில் கொடுத்தவர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு எட்டு நாளும் கூடவே வந்தார். நான் உட்கார நினைத்தால் நிறுத்துவார். நல்ல மனிதர். எட்டாவது நாள் தாழ்வாரம் முடிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அப்ப நான் வாரேன்."

"சரி, வாங்க" என்றார்.

எல்லையில் ஒரு கவுண்டர் இருந்தது. உள்ளே ஒரு பெண். மூக்குக் கண்ணாடி, நீலச் சட்டை, மைப்பேனா. சட்டையில் 'சௌந்தரி – 1' என்று குத்தியிருந்தார். பையை நிறுத்தார். பத்து கிலோ நானூறு கிராம். நான் போட்ட கணக்கேதான். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் ஒரு பேரேட்டில் ஏதோ எழுதினார்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சார்."

நான் எதுவும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். பின்னால் ஆள் நின்றதால் நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆள் இல்லை.

இரண்டாம் நாட்டில் எல்லாம் மலிவு. பார்ப்பதற்கு மட்டும் தனிக் கட்டணம். மலை பார்க்க ஐம்பது கிராம். ஏரி பார்க்க முப்பது. கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் பத்து. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். செருப்பு சொந்தம் என்பதால் அதற்குக் கட்டணம் இல்லை.

அங்கேதான் பவானந்தன் எதிரில் வந்தார். அவர் காலைத்தான் முதலில் பார்த்தேன். கால் தரையில் முழுதாகப் படவில்லை. மேலே ஒரு குரல் கேட்டது.

"தம்பி தமிழோ?"

"ஆமா அண்ணாச்சி."

"காத்தடிக்குது. கையை ஒருக்காத் தாரும்."

கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். ஆளைப் பார்க்கக் கட்டணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நிமிர்ந்தேன். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நல்ல உயரம். யாழ்ப்பாணத்துக்காரர். முதுகில் பை இல்லை.

"பை எங்க அண்ணாச்சி?"

"அது முடிஞ்சு கன காலம். இப்ப உடம்பிலை ஓடுது."

"எத்தன கிலோ இருக்கிய?"

"காலமை முப்பத்தாறு. நீர் எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு. பை தனி."

"அப்ப நீர் பணக்காரன். வாரும், சேந்து நடப்பம்."

ஏழு வருடத்தில் என்னோடு சேர்ந்து நடக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. ஆறு நாள் நடந்தோம். என் கையை அவர் விடவில்லை. காற்று அடிக்காத நேரத்திலும் பிடித்திருந்தார். ஒரு திருப்பத்தில் நின்றார்.

"தம்பி, மலை ஒண்டு வருகுது. பாப்பமோ?"

"ஐம்பது கிராம் அண்ணாச்சி."

"தெரியும்."

அவர் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். அவர் பிடி கொஞ்சம் லேசானது.

"எப்பிடி இருந்துச்சு?"

"மலை மாதிரி இருந்துது. நீரும் பாத்திருக்கலாம்."

"அது இசக்கிக்கு உள்ள எடை."

"ஓம், அது சரி" என்றார்.

எல்லைக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடை. குடித்துவிட்டு எழுந்தோம். கடைக்காரரிடம் தலையாட்டினேன். வாரேன் என்றேன். வாங்க என்றார். கவுண்டரில் அதே பெண் உட்கார்ந்திருந்தார். 'சௌந்தரி – 2'.

"நீங்க அங்க இருந்தவங்கதானே?"

"அது எங்க அக்கா."

பையை நிறுத்தார். எட்டு கிலோ எண்ணூறு இருக்க வேண்டும். ஏழு கிலோ இருநூறு இருந்தது.

பையை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். ஏழு கிலோ இருநூறு.

"ஒண்ணு அறுநூறு குறையுது."

"குறையல சார். எட்டு நாளா முதல் நாட்டுல உங்க கட்டில் ஓடிட்டிருக்கு. ரெண்டு வேளை சாப்பாடும் போடுறாங்க."

"நான்தான் அங்க இல்லையே."

பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயர் இருந்தது. 'வெளியேற்றம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. 'வருகை' என்ற கட்டத்தில் இரண்டு முறை எழுதியிருந்தது.

"உள்ள வரும்போது ஒரு தடவை வந்தீங்க. வெளிய போகும்போது வாரேன்னு சொல்லி இன்னொரு தடவை வந்துட்டீங்க. போகவே இல்லையே."

"அம்மா, அது போறதுக்குச் சொல்றது. எல்லாருமே அப்பிடித்தானே சொல்லுவோம். உங்க வீட்டுல சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லுவோம். எனக்குத் தெரியும் சார். படிவத்துக்குத் தெரியாது."

பவானந்தன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இது முன்பே தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

"இப்ப தேநீர்க் கடையிலயும் சொல்லிட்டீங்க" என்றார் சௌந்தரி. "இனிமே ரெண்டு நாட்டுல ஓடும். வெட்டணும்னா அங்க இருக்கவங்களுக்குப் போன் பண்ணி, போறேன்னு முழுசா சொல்லணும். போன் இலவசம். ஒரு எல்லைக்கு ஒரு தடவை."

முதல் நாட்டுக்குப் போன் போட்டேன். கட்டில் கொடுத்தவர் எடுத்தார்.

"தவசியா? உங்க கட்டிலை விரிச்சுப் போட்டிருக்கேன். எப்ப வாறீங்க?"

போறேன் என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் அது செத்த வீட்டில்கூடச் சொல்லாத சொல். அங்கே ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். தண்ணீர் கேட்டேன். தண்ணீர் இருபது கிராம் என்றார் சௌந்தரி. எச்சிலை விழுங்கினேன்.

"நான் போறேன்."



"யாருங்க பேசறது?"

"தவசி."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே."

என் பாஸ்போர்ட்டிலிருந்து ஒரு முத்திரை உதிர்ந்து மேஜையில் விழுந்தது. சௌந்தரி அதை ஊதித் தள்ளினார்.

முதல் நாடு எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. தாழ்வாரம் என்று மேலே என் கையெழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வெட்டினா ஆள் மறந்துருமா?" என்று கேட்டேன்.

"வெட்டினா நீங்க அங்க போகவே இல்லைன்னு அர்த்தம். போகாத இடத்துல உங்களை யாருக்குத் தெரியும்? அடுத்த எல்லையில ரெண்டாவதையும் வெட்டிக்கலாம்."

நான் பவானந்தனைப் பார்த்தேன். இவரை எனக்கு இரண்டாம் நாட்டில்தான் தெரியும்.

"வேண்டாம்மா. அது ஓடட்டும்" என்றேன். ஒரு நாளைக்கு இருநூறு கிராம். எட்டு நாளைக்கு ஒரு கிலோ அறுநூறு. இசக்கியின் மூன்று கிலோவில் பாதிக்கு மேல்.

"பிழை செய்யிறீர் தம்பி" என்றார் பவானந்தன். ஆனால் கையை விடவில்லை.

மூன்றாம் நாடு ஒரே அறை. அதில் எட்டுக் கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு நாளைக்கு ஒரு கட்டில் ஏற வேண்டும். எட்டாவது கட்டிலில் எல்லை. ஏணி வாடகை சாப்பாட்டோடு சேர்ந்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு தராசு இருந்தது.

பவானந்தன் என்னைவிடச் சுலபமாக ஏறினார். காற்றடைத்த பலூனைப் பிடித்து மேலே விட்ட மாதிரி ஏறினார். ஏறியதும் தராசில் நிற்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் முள்ளைப் பார்ப்பேன். மூன்றாம் கட்டிலில் முப்பத்திரண்டு. நான்காம் கட்டிலில் முப்பத்தொன்றரை.

ஐந்தாம் கட்டிலில் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எத்தன இடத்துல ஓடுது?"

"ஒம்பதிலை ஓடினது."

"ஒம்பதா?"

"ஊரிலை வீடு. பிறகு முகாம். பிறகு கொழும்பிலை ஒரு அறை. பிறகு ஆறு நாடு. எல்லா இடத்திலயும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லி வெளிக்கிட்டனான். எங்களுக்கும் அதுதானே பழக்கம்."

"நாடுகள வெட்டிரலாமே."

"வெட்டினனான். ஆறும் வெட்டியாச்சு. அறையும் வெட்டியாச்சு. முகாமும் வெட்டியாச்சு. இப்ப ஒண்டுதான்."

"அதையும் வெட்டிருங்க. உயிர் பெருசில்லையா?"

அவர் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்.

"அது கூடின கட்டணம், தம்பி. முப்பத்தஞ்சு வருசம்."

"அதான் சொல்லுதேன். அங்க யார்கிட்ட சொன்னிய? அவங்களுக்குப் போன் பண்ணுவோம்."

"வீட்டிலை அப்ப ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வெளிக்கிட்டாச்சு. நான்தான் கடைசி. மாட்டுக்குச் சொன்னனான்."

"மாட்டுக்கா?"

"கட்டை அவிட்டு விட்டிட்டு, சரி நான் போட்டு வாறன் எண்டு சொன்னனான். அது தலையாட்டினது."

"இப்ப அந்த மாடு இருக்குமா?"

"ஆருக்குத் தெரியும். ஆனால் கணக்கு ஓடுது. ஓடுற வரைக்கும் நான் அங்கை இருக்கிறன்." என் முகத்தைப் பார்த்தார். "அதையும் வெட்டினா நான் எங்கத்தையான், எந்த ஊர் எண்டு கேட்டா என்னெண்டு சொல்லுவன், சொல்லும்."

என் பையிலிருந்து ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. இசக்கிக்கு என்று எழுதியது அதில் ஏற்கெனவே பாதி போயிருந்தது. யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் கட்டில் வரை யோசித்தேன்.

ஏழாம் கட்டிலில் மத்தியானம் பன் கொடுத்தார்கள். அவர் பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு தராசில் நின்றார். முப்பது கிலோ இருபது கிராம். பன்னைச் சாப்பிட்டார். முப்பது. கையில் இருந்தபோது இருந்த எடை வயிற்றுக்குள் போனதும் இல்லை.

"இறங்கிருங்க அண்ணாச்சி."

"இறங்கினா மட்டும் என்ன" என்று சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். முள் முப்பதைத் தாண்டிக் கீழே வந்தது.

இடது தோளில் முதலில் கீல் வந்தது. பிறகு மார்பு தட்டையானது. சாம்பல் நிறத் தகரம். கால்கள் நான்கு சிறிய குமிழ்களாக ஆயின. வாய் இருந்த இடத்தில் சாவித் துவாரம். நெற்றியில் முப்பத்தொன்று என்று எண் போட்டிருந்தது. சாமான் போட்டுப் பூட்டுகிற லாக்கர். விடுதிகளில் எல்லாம் இருக்குமே, அதுதான்.

நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். பார்த்தபோது கைப்பிடியைப் பிடித்திருந்தேன்.

"அண்ணாச்சி."

சாவித் துவாரத்திலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் தகரச் சத்தம் இருந்தது.

"உம்மடை பையை உள்ளை போடும் தம்பி. களவு போகாது. நாளுக்கு இருபது கிராம்."

"என்கிட்டயுமா?"

"உமக்கு எண்டபடியா பத்து."

பையைப் போடவில்லை. அன்று முழுவதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எட்டாம் கட்டிலுக்கு ஏணியில் கால் வைத்தேன். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்கு படி ஏறிவிட்டேன். பிறகு இறங்கி வந்தேன். ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்லாமல் போவது.

"வாரேன் அண்ணாச்சி."

"ஓம், வாரும்" என்றது லாக்கர்.

மேலே சௌந்தரி – 3 உட்கார்ந்திருந்தார். அதையும் எழுதிக்கொண்டார். பை நான்கு கிலோ. இரண்டாம் நாட்டை வெட்டப் போன் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான்காம் நாடு ஒரு மேஜை. மேஜையின் இந்தப் பக்கம் ஒரு எல்லை. அந்தப் பக்கம் ஒரு எல்லை. அந்தப் பக்கத்துக்கு அப்பால் ஐந்தாம் நாடு, அதற்கு அப்பால் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறச் சுவர் தெரிந்தது. சுவரில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் இருந்தது. எழுத்துகூடத் தெரிந்தது. தாண்டினால் போதும் என்று நினைத்தேன்.

சௌந்தரி – 4 மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவர் முன்னால் ஒரு பழைய பேரேடு. ஓரங்கள் பழுத்திருந்தன.

"பழைய பாக்கி ஒண்ணு இருக்கு சார். கடைசி நாட்டுக்கு முன்னாடி தீர்க்கணும்."

"எந்தப் பாக்கி?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வீட்டுல வாரேன்னு சொல்லியிருக்கீங்க. அன்னையிலேர்ந்து அந்த வீட்டுல உங்களுக்குத் தட்டு போடுறாங்க. தட்டு ஒண்ணு, டம்ளர் ஒண்ணு, ஒரு கை சோறு. நாளைக்குப் பதினஞ்சு கிராம். ரெண்டாயிரத்து ஐந்நூத்து ஐம்பத்தஞ்சு நாள். முப்பத்தெட்டு கிலோ முன்னூத்து இருபத்தஞ்சு கிராம். லீப் வருஷத்து நாளை விட்டிருக்கேன். சலுகை."

நான் கணக்குப் போட்டேன். பையில் நான்கு. மிச்சம் முப்பத்துநான்கு கிலோ முந்நூற்று இருபத்தைந்து. அதை அறுபத்தொன்றில் கழித்தேன். இருபத்தாறு கிலோ அறுநூற்று எழுபத்தைந்து கிராம்.

மறுபடி கழித்தேன். அதேதான் வந்தது.

"முப்பதுக்குக் கீழ வருது" என்றேன்.

"வருது."

"இல்லன்னா?"

"போன் பண்ணி வெட்டலாம். வெட்டினா பாக்கியே கிடையாது. நாலு கிலோவோட அந்தப் பக்கம் இறங்கலாம். மிச்சம் ஒரு நாடுதான்."

"வெட்டினா அவளுக்கு என்னைத் தெரியாதே."

"தெரியாது. ஆனா போய்ச் சேர்ந்துருவீங்க."

போனை என் பக்கம் தள்ளினார். பேனாவின் முனையை ஒரு துணியில் துடைக்க ஆரம்பித்தார். "மை நிரப்பி முடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு" என்றார்.

எண்ணைச் சுழற்றினேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கிய?"

"நாலாவது நாட்டுல."

"இன்னும் எத்தன?"

"ஒண்ணு."

"ஒண்ணுதான? விறுவிறுன்னு நடந்துருங்க. எதையும் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதிய."

"எதையும் பாக்கல இசக்கி."

"அதுக்காகக் கண்ண மூடிக்கிட்டா வாரிய? ஏதாவது ஒண்ணாவது பாத்திருக்கலாமில்ல? வந்து எனக்கு என்னத்தச் சொல்லுவிய?"

சௌந்தரி மைப்புட்டியின் மூடியைத் திருகினார்.

"இசக்கி, நீ எனக்குத் தினமும் தட்டு போடுதியா?"

"யாரு சொன்னா?"

"இங்க எழுதியிருக்கு."

"என் வீட்டுத் தட்ட எவன் எழுதுனான்?"

"ஆபீஸ்ல. ஒரு நாளைக்குப் பதினஞ்சு கிராம்னு."

"பதினஞ்சா? ரெண்டு கரண்டிச் சோறு போடுதேன், கொழம்பு ஊத்துதேன், அப்பளம் வேற. பதினஞ்சு கிராம் எப்பிடிங்க வரும்? அவனுக்கு நிறுக்கத் தெரியலன்னு சொல்லுங்க."

சௌந்தரி நிமிர்ந்தார். "திருத்தணுமா சார்?"

"வேண்டாம், வேண்டாம்" என்றேன்.

"யாருகிட்டங்க வேண்டாங்கிய?"

"ஒண்ணுமில்ல. எதுக்கு இசக்கி போடுத? நான்தான் அங்க இல்லையே."

"வாரேன்னு சொல்லிட்டுத்தான போனிய. வாரேன்னு சொன்ன ஆளுக்குத் தட்டு போடாம நான் மட்டும் எப்பிடிச் சாப்பிட? பொறவு நான்தான் அதையும் திங்கேன். வீணாக்கல."

மை பேனாவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தில் சுவரும் விளம்பரமும் தெரிந்தன. வெயில் அடித்தது. எங்கள் ஊர் வெயில்தான்.

"இசக்கி, நான் போ..."

"என்னது?"

"நான் போறே..."

"வாயக் கழுவுங்க. போறேன்னா சொல்லுவாக? எத்தன தடவ சொல்லியிருக்கேன். வாரேன்னு சொல்லுங்க."

நான் சௌந்தரியைப் பார்த்தேன்.

"முழுசா சொல்லணும் சார். இப்ப சொன்னது பாதி."

"சொல்ல விட மாட்டேங்கிறா."

"அது உங்க குடும்பப் பிரச்சினை."

போனில் இசக்கி, "பொம்பள கொரலா இருக்கே, யாரு அது" என்றாள். ஆபீஸ் என்றேன். "ஆபீஸுக்கு உங்ககிட்ட என்ன அம்புட்டு நீளப் பேச்சு?" என்றாள்.

அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட்டு நடந்தால் எட்டாம் நாள் சாயங்காலம் எங்கள் தெரு. கதவைத் தட்டுவேன். அவள் திறப்பாள். யாருங்க வேணும் என்பாள். உள்ளே ஒரு தட்டு மட்டும் இருக்கும். எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் நின்றது. அவள் கேட்கிற கேள்வி அல்ல, ஒற்றைத் தட்டு.

நாக்கில் இருந்ததை விழுங்கினேன்.

"எழுதுங்கம்மா" என்றேன் சௌந்தரியிடம்.

"நிச்சயமா?"

"எழுதுங்க."

பேனா நிறைந்திருந்தது. அவர் என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார். என் இடது தோளில் ஏதோ இறுகியது. கீல் மாதிரி இருந்தது. நான் தோளைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"என்னங்க, பேச்சையே காணும்" என்றாள் இசக்கி. "காசு போகுதுன்னு யோசிக்கியளா? சரி, சோறு ஆறுது. வைக்கேன்."

சௌந்தரியின் பேனா நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"வைக்கேன்னா."

"யாரை?"

"போனை."

"போனைன்னு அவங்க சொல்லலையே."

அவர் பேரேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினார். ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்தார். ஒரு வரியை விரலால் தேடினார். பிறகு பாக்கி என்று எழுதியிருந்ததை அடித்தார். அதன் மேல் 'வைப்பு' என்று எழுதி ஒரு முத்திரை குத்தினார். என் தோளில் இறுக்கம் விட்டது.

"அப்படின்னா என்னம்மா?"

"டெபாசிட் சார். உங்களை வச்சிருக்காங்க. பிடித்தம் கிடையாது. வருஷத்துக்கு அரை கிலோ வட்டி."

"அப்ப நான் பயணியா, சாமானா?"

"ரெண்டும் இல்லை."

"அந்தப் பக்கம் நடக்கலாமா?"

"டெபாசிட் நடக்காது."

அறுபத்தொரு கிலோ அப்படியே இருந்தது. பையில் நான்கு கிலோவும் இருந்தது. சுவர் அதே இடத்தில் இருந்தது. நான் காலை எடுத்து வைத்துப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தது.

"எப்ப எடுப்பாங்க?"

"வச்சவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கணும்."

"அவளா? அவ மதுரையவே தாண்டினது இல்ல."

"அஞ்சு நாடுதான் சார்."

"எனக்கு ஒண்ணுதானே மிச்சம் இருந்துச்சு?"

"இந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினா ஒண்ணு. அந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினா அஞ்சு."

"போன் பண்ணிச் சொல்லணுமே."

"இந்த எல்லைக்கு ஒரு போன். பண்ணிட்டீங்க. நாங்க கடிதம் போட்டுருவோம். கூடவே உத்தேசச் செலவு அனுப்பணும். நீங்களே எழுதிக் கொடுத்தா நல்லது, உங்களுக்குத்தான் அனுபவம்."

ஒரு பெஞ்சைக் காட்டினார். காகிதம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

இசக்கி ஐம்பத்திரண்டு கிலோ. போன மாதம் ரேஷன் கடைத் தராசில் நின்று பார்த்ததாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாளைக்கு இருநூறு கிராம். நாற்பது நாள். எட்டு கிலோ. மலை பார்க்க ஐம்பது கிராம் சேர்த்தேன். ஏரிக்கும் முப்பது சேர்த்தேன். அவள் பார்ப்பாள்.

கீழே கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். கிளம்பும்போது யாரிடமும் வாரேன் என்று சொல்லாதே.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கடிதத்தை அவள் எதிர்வீட்டு ரத்தினத்தாயிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்லுவாள். வாசித்துக் காட்டியவளிடம் எப்படிச் சொல்லாமல் கிளம்புவாள்? அந்தக் கணக்கும் ஓடும் என்று செலவில் ஒரு வரி போட்டேன். தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் நிற்பார்கள். நாலு வரி. சீட்டுப் பிடிக்கிற மாரிக்கனி மதினி. மளிகைக் கடை. கோழிகளை அடைக்கும்போது கோழிகளிடம் சொல்லுவாள். கோழி எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு என்று போட்டேன். பேருந்தில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு தடவை சொல்லுவாள்.

காகிதம் நிறைந்துவிட்டது. அவள் இன்னும் முதல் நாட்டுக்கு வந்து சேரவில்லை.

சௌந்தரியிடம் இன்னொரு காகிதம் கேட்டேன்.